பழைய சுண்ணாம்புச் சுவருக்கு சிமெண்ட் பூசலாமா? கொத்தனார் பேச்சைக் கேட்பதா, இன்ஜினியர் பேச்சைக் கேட்பதா?

தயவுசெய்து பூசாதீர்கள். எங்கள் வீட்டில் பூசித்தான் சுவரே கெட்டது.

காரைக்குடிப் பக்கம் தாத்தா கட்டிய வீடு, செங்கல்லும் சுண்ணாம்பும்தான். முற்றத்துச் சுவரின் அடியில் காரை கொஞ்சம் உதிர்கிறது என்று ஒரு கான்ட்ராக்டரை வைத்து இடுப்பு உயரத்துக்கு சிமெண்ட் பூசினோம். இரண்டு மழைக்காலம் போனது. அப்புறம் அந்தப் பூச்சுக்கு மேலே, அதுவரை நன்றாக இருந்த இடத்தில், வெள்ளையாக உப்பு பூத்தது. தட்டிப் பார்த்தால் சிமெண்ட் பலகை மாதிரி முழுசாகக் கழன்று வந்தது, உள்ளே இருந்த செங்கல் நகத்தால் கீறினாலே மாவாகக் கொட்டியது.

வயதான கொத்தனார் ஒருவர் வந்து சுவரைத் தடவிப் பார்த்துவிட்டு, "சுவரு மூச்சு விடணும் தம்பி, நீங்க அடைச்சிட்டீங்க" என்றார். இன்ஜினியரான என் மச்சான் அதையே வேறு விதமாகச் சொன்னார்: பழைய அஸ்திவாரத்தில் ஈரத்தைத் தடுக்கும் அடுக்கு கிடையாது, மண்ணின் ஈரம் செங்கல்லின் நுண்துளைகள் வழியே ஏறி சுண்ணாம்புப் பூச்சு வழியாக ஆவியாகும், சிமெண்ட் அதை எளிதில் வெளியே விடாததால் ஈரம் இன்னும் மேலே ஏறும், அதோடு வரும் உப்பு செங்கல்லுக்குள்ளேயே படிகமாகி அதை உடைக்கும். முதலில் உதிர்ந்த காரை, செங்கல்லுக்கு வரவேண்டிய கேட்டைத் தான் வாங்கிக்கொண்டு உதிர்ந்திருக்கிறது. அது தெரியாமல் போனதே என்று இன்றும் வருத்தம்தான்.

கொத்தனார் கடுக்காயும் வெல்லமும் டிரம்மில் ஊறப்போட்டு, புளித்த வாடை வந்த பிறகு அந்தத் தண்ணீரில் சுண்ணாம்பைக் குழைத்தார். வெல்லத்தின் சர்க்கரையில் சுண்ணாம்பு கூடுதலாகக் கரையும், கலவையும் குறைந்த தண்ணீரிலேயே இளகும். பிறகு காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடை இழுத்து மெல்ல மெல்லக் கல்லாகும்.

ஆனால் கொத்தனார் சொன்ன எல்லாமே சரியில்லை. மூலையில் ஓடிய சாய்ந்த விரிசலையும் உடனே அடைத்துவிடலாம் என்றார். மச்சான் விடவில்லை. விரிசலுக்குக் குறுக்கே மூன்று கண்ணாடித் துண்டுகளை ஒட்டி, தேதி எழுதிவைத்தார். ஐப்பசி மழை முடிந்தபோது இரண்டு துண்டுகள் உடைந்திருந்தன. மூலை அப்போதும் இறங்கிக்கொண்டுதான் இருந்தது. கூரைத் தண்ணீர்க் குழாய் சரியாக அங்கேதான் ஊற்றிக்கொண்டிருந்தது. குழாயை மாற்றிவிட்டு, புதிதாக ஒட்டிய கண்ணாடி ஒரு வருடம் உடையாமல் நின்ற பிறகுதான் அடைத்தோம்.

உங்கள் சுவரில் ஏற்கெனவே சிமெண்ட் இருந்தால் மெஷின் வைக்காமல் உளியால் மெதுவாக எடுங்கள். ஒரு கோடை முழுக்கக் காயவிட்டு அப்புறம் சுண்ணாம்பு பூசுங்கள்.