ராதிகா பற்றிக் கேளுங்கோ: பழைய வீடியோ கடை அண்ணையின் பதில்கள்

கொழும்பு வெள்ளவத்தையில் கனகாலம் வீடியோ கசட் வாடகைக்கு விட்டவன் நான். கடை போய்விட்டது, பார்த்த படங்கள் மட்டும் தலைக்குள் கிடக்கின்றன. நடிகை ராதிகாவைப் பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கோ என்று போன கிழமை சொல்லிவிட்டேன், கேள்விகள் குவிந்துவிட்டன. அவருடைய சொந்த வாழ்க்கையைக் கிளறிய கேள்விகளைத் தள்ளி வைத்துவிட்டேன், கோபிக்க வேண்டாம்.

கொட்டாஞ்சேனையிலிருந்து: அண்ணை, ராதிகா எங்கட ஊர்ப் பிள்ளை எண்டு அம்மம்மா சொல்லுறா. உண்மையோ?

அம்மம்மா சொல்வதில் பாதி சரி. ராதிகாவின் அம்மா கீதா இலங்கைக்காரர். ராதிகா படித்ததும் இந்தியா, இலங்கை, இங்கிலாந்து என்று மூன்று இடத்தில். ஆனால் நடிகையாக அவர் வளர்ந்தது முழுக்கச் சென்னையில்தான், அதில் நாங்கள் பங்கு கேட்க முடியாது. அப்பா எம்.ஆர்.ராதா. நாடக மேடையிலும் பிறகு 1954இல் வந்த ரத்தக்கண்ணீரிலும் கலக்கிய மனிதர். 1967 ஜனவரி 12ஆம் திகதி எம்.ஜி.ஆரைச் சுட்ட வழக்கில் சிறை போனவரும் அவர்தான். அப்போது ராதிகாவுக்கு நாலு வயது. ஒரு விசித்திரம் பாருங்கோ, சுட்டவர் இலங்கைப் பெண்ணைக் கட்டியவர், சுடப்பட்டவர் எங்கள் மலையகத்தில் பிறந்தவர்.

பம்பலப்பிட்டியிலிருந்து: லண்டனில் படித்த பிள்ளை எப்படிக் கிராமத்துப் பெண்ணாக நடிக்க வந்தது?

பாரதிராஜா புதுமுகம் தேடிக்கொண்டிருந்த நேரம், விடுமுறைக்கு வந்திருந்த இவர் கண்ணில் பட்டுவிட்டார். படம் கிழக்கே போகும் ரயில், 1978. படப்பிடிப்பு நடந்தபோது பதினாறு வயதுகூட நிரம்பவில்லை, தமிழும் அப்போது அவ்வளவு ஓடாது. பாஞ்சாலி என்ற பாத்திரம். ரயிலின் கடைசிப் பெட்டியில் எழுதி அனுப்பும் செய்திக்காகக் காத்திருப்பாளே, அவள்தான்.

உண்மையைச் சொன்னால் அந்தப் படத்தில் அவர் நடிப்பு பெரிதாக ஒன்றுமில்லை. முகத்தில் இருந்த வெகுளித்தனம் போதுமாக இருந்தது, மிச்சத்தை இயக்குநரும் இளையராஜாவும் பார்த்துக்கொண்டார்கள். அடுத்த வருடம் நிறம் மாறாத பூக்கள், 1981இல் இன்று போய் நாளை வா என்று போகப் போகத்தான் நகைச்சுவை நன்றாக வருகிறது என்று தெரிந்தது.

தெகிவளையிலிருந்து ஒரு ஆசிரியை: ஒரே ஒரு படம் சொல்லுங்கள் என்றால் எதைச் சொல்வீர்கள்?

டீச்சர், கிழக்குச் சீமையிலே. 1993. அதே பாரதிராஜா, அதே கிராமம், ஆனால் நடுவில் பதினைந்து வருடம் ஓடிவிட்டது. இவர் விருமாயி, அண்ணன் விஜயகுமாருக்கும் புருஷன் நெப்போலியனுக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட பெண். இரண்டு பக்கமும் ஆண்கள் மீசை முறுக்கிக்கொண்டு நிற்கும்போது இவர் சேலைத் தலைப்பை இழுத்துச் சொருகுவதிலேயே பாதி வசனத்தைச் சொல்லிவிடுவார். அழும்போதுகூட அழகாகத் தெரிய வேண்டும் என்ற கவலை துளியும் இல்லை. கதாநாயகிகளில் அந்தத் துணிச்சல் எத்தனை பேருக்கு இருந்தது என்று எண்ணிப் பாருங்கள், ஒரு கை விரல் போதும்.

இரண்டாவதும் சொல்லலாமா? 1986இல் கே.விஸ்வநாத் எடுத்த தெலுங்குப் படம் ஸ்வாதி முத்யம், தமிழில் சிப்பிக்குள் முத்து. கமலுக்குத்தான் எல்லாரும் கை தட்டினார்கள், பரவாயில்லை. ஆனால் அந்த இளம் விதவை தடுமாறியிருந்தால் கமலின் வெகுளித்தனத்தை யாரும் நம்பியிருக்க மாட்டார்கள். ஆஸ்காருக்கு இந்தியா அனுப்பிய படம் அது.

வத்தளையிலிருந்து: கேளடி கண்மணியை விட்டுட்டீங்களே அண்ணா?

விடவில்லை. ஆனால் அது எஸ்.பி.பி.யின் படம் என்றே என் மனதில் பதிந்துவிட்டது.

வெள்ளவத்தையிலிருந்து: முப்பது வயதிலேயே அம்மா வேஷம் போட்டது பிழையில்லையா?

சினிமாவின் பிழை, அவருடைய பிழை அல்ல. 1995இல் பசும்பொன் படத்தில் பிரபுவுக்கு அம்மா. பிரபு இவரை விட ஆறு வயது கூடியவர்! 1997இல் சூரியவம்சத்தில் சரத்குமாருக்கு இரட்டை வேடம், அப்பா சரத்குமாருக்கு இவர் மனைவி, மகன் சரத்குமாருக்கு அம்மா. 2001இல் அதே சரத்குமாரைக் கல்யாணம் கட்டினார். கடையில் அந்தக் கசட்டைக் கேட்டு வருகிறவர்கள் பிறகு இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள்.

ஆனால் ஒன்று. மற்ற நடிகைகள் அம்மா வேஷத்தை ஓய்வூதியம் மாதிரி எடுத்துக்கொண்டபோது இவர் பக்கத்தில் வேறு கடை திறந்துகொண்டிருந்தார்.

மட்டக்குளியிலிருந்து: அந்த 'வேறு கடை' சின்னத்திரைதானே? சினிமாவில் இடம் இல்லாமல்தான் அங்கே போனார் என்கிறார்களே?

இந்தக் கேள்விக்குத்தான் இவ்வளவு நேரம் காத்திருந்தேன். சின்னத்திரைக்கு வந்த பெரும்பாலானவர்கள் சம்பளத்துக்கு வந்தார்கள். இவர் முதலாளியாக வந்தார். தன்னுடைய ராடான் நிறுவனத்தை 90களிலேயே தொடங்கி, பிறகு பங்குச்சந்தை வரை கொண்டுபோனார்.

அந்தக் காலத்துச் சன் ரீவியில் முறை என்னவென்றால், தயாரிப்பாளர் ஒளிபரப்பு நேரத்தைக் காசு கொடுத்து வாங்க வேண்டும். நாடகத்தையும் சொந்தக் காசில் எடுக்க வேண்டும். இடையில் வரும் விளம்பர நேரத்தை அவரே விற்றுப் போட்ட முதலை எடுக்க வேண்டும். நாடகம் ஓடினால் லாபம் அவருக்கு, சனம் பார்க்காவிட்டால் நட்டமும் அவர் தலையில். அதாவது ஒரு காட்சியில் அழுதுகொண்டிருக்கும்போதே அந்த அழுகை விற்குமா என்ற கணக்கும் அதே தலைக்குள் ஓடியிருக்கும். இடம் கிடைக்காமல் போனவர் இப்படிப்பட்ட வேலையைத் தலையில் ஏற்றிக்கொள்ள மாட்டார்.

சித்தி நாடகம் 1999 டிசம்பரில் தொடங்கி 2001 நவம்பர் வரை போனது. சிவகுமாரும் கூட நடித்தார். அதற்குப் பிறகு அண்ணாமலை, செல்வி, அரசி, செல்லமே, வாணி ராணி என்று ஒன்று முடிய மற்றது. வாணி ராணி மட்டும் 2013 தொடக்கம் 2018 வரை, 1,700 அத்தியாயங்களுக்கும் மேல். சினிமாவில் ஒரு நாளைக்கு இரண்டு மூன்று நிமிடம் எடுத்தாலே பெரிய காரியம், தினசரி நாடகத்தில் கிட்டத்தட்ட ஓர் அத்தியாயத்தை முடித்தாக வேண்டும். இருபது வருடம் அந்த ஓட்டம்.

அதே மட்டக்குளித் தம்பி: சித்தி ஓடின காலத்தில் உங்கட கடை எப்படி?

தம்பி, சொல்ல வெட்கம்தான். டிஷ் இல்லாத வீடுகள் நிறைய இருந்தன. மூன்று மணி நேரக் கசட் ஒன்றில் ஏழெட்டு நாள் நாடகம் ஏறும். 'அடுத்த கசட் வந்திட்டுதோ' என்று கேட்டுக் காலையிலேயே ஆச்சிமார் கடை வாசலில் நிற்பார்கள். யாழ்ப்பாணத்து ஆட்கள் வீட்டில் சின்னம்மா என்று கூப்பிடுகிறவர்கள்கூடக் கடைக்கு வந்தால் 'சித்தி தாங்கோ' என்பார்கள். ராடான் நிறுவனத்துக்கு நான் கொடுக்க வேண்டிய காசைக் கணக்குப் பார்த்தால் இந்த வீட்டை விற்க வேண்டி வரும்.

மோதரையிலிருந்து: தேசிய விருது வாங்கினாரா?

தயாரிப்பாளராக. 1985இல் வந்த மீண்டும் ஒரு காதல் கதை, பிரதாப் போத்தன் இயக்கிய முதல் படம். சிறந்த முதல் படத்துக்கான இந்திரா காந்தி விருது அதற்குக் கிடைத்தது. அப்போது இவருக்கு இருபத்துமூன்று வயது இருக்கும். முதலாளிப் புத்தி சித்தியோடு வந்ததல்ல என்று சொல்வதற்கு வேறு சாட்சி தேவையில்லை.

கொள்ளுப்பிட்டியிலிருந்து: அரசியல்?

தி.மு.க., பிறகு அ.தி.மு.க., பிறகு கணவரின் கட்சி, அது 2024இல் பா.ஜ.க.வோடு இணைந்தது. அதே வருடம் விருதுநகரில் நின்று மூன்றாம் இடம். எனக்கு இதில் சொல்ல ஒன்றுமில்லை, நான் படம் பார்க்கிறவன்.

கல்கிசையிலிருந்து ஒரு தங்கச்சி: நான் இங்கே மேடை நாடகம் நடிக்கிறேன். அவரிடம் என்ன கற்றுக்கொள்ளலாம்?

தங்கச்சி, வாணி ராணியில் அவரே நடித்த இரட்டையர் ஒரே சட்டகத்தில் நிற்கும் காட்சிகளைச் சத்தத்தை நிறுத்திவிட்டுப் பாருங்கோ. உடுப்பு வேறு, அதை விடுங்கோ. தோளைப் பாருங்கோ. வக்கீல் வாணி கழுத்தை நிமிர்த்தி எதிரில் நிற்கிறவரை அளப்பார், ராணி கேட்கும்போதே பதில் சொல்ல முந்துவார். அப்புறம் 2019 கடைசியில் தொடங்கிய கோடீஸ்வரி நிகழ்ச்சி, பெண்களுக்கென்றே நடத்திய வினாடி வினா. காது கேளாத, வாய் பேச முடியாத ஒரு பெண் அதில் ஒரு கோடி ரூபாய் வென்றார். ராதிகா அங்கே எப்படிப் பொறுமையாகக் காத்திருக்கிறார் என்று கவனியுங்கோ. மேடையில் எங்கள் பிள்ளைகள் தங்கள் வசனம் முடிந்ததும் அணைந்துவிடுகிறார்கள். அவர் அணைய மாட்டார்.

கடைசியாகக் கிருலப்பனையிலிருந்து: சித்தி கசட் ஏதும் மிச்சம் இருக்கா அண்ணை?

இரண்டு பெட்டி கட்டிலுக்குக் கீழே இருக்கிறது. பாதி பூஞ்சணம் பிடித்துவிட்டது, மீதியைப் போட்டுப் பார்க்க டெக் இல்லை. உங்களிடம் வேலை செய்கிற டெக் இருந்தால் ஒரு போயா (பௌர்ணமி) விடுமுறை நாளில் தூக்கிக்கொண்டு வாங்கோ, பிளேன்ரீ நான் தாறேன்.