உயிரோட இருக்கிற மூளைல டோபமைன் ரீஅப்டேக்கை எப்படி அளக்குறாங்க?

ரீஅப்டேக்னா, நரம்பு செல் வெளிய விட்ட டோபமைனை (மூளைல செய்தி கடத்துற ரசாயனம்) திரும்ப உள்ள இழுத்துக்கிறது. இதை எலி மூளைல நேரடியாவே அளக்கலாம், ஃபாஸ்ட் ஸ்கேன் சைக்ளிக் வோல்டாமெட்ரின்னு பேரு. சுமார் 7 மைக்ரோமீட்டர் தடிமன் உள்ள கார்பன் ஃபைபரை ஸ்ட்ரையேட்டத்துல (டோபமைன் நிறைய வந்து சேர்ற மூளைப் பகுதி) இறக்கி, வோல்டேஜை -0.4 வோல்ட்ல இருந்து 1.3 வோல்ட் வரைக்கும் ஏத்தி இறக்குவாங்க, ஒரு ரவுண்டுக்கு 10 மில்லிசெகண்டு கூட ஆகாது, செகண்டுக்கு 10 தடவை இப்படி ஓடும், அப்போ அங்க டோபமைன் இருந்தா ஆக்ஸிடைஸ் ஆகி எலக்ட்ரான் விடும், அந்தக் கரண்ட வச்சுதான் அளவு சொல்றது. டோபமைன் நரம்பைத் தூண்டினா கிராஃப் சட்டுனு ஏறும், தூண்டுறதை நிறுத்தினதும் சரியும் பாருங்க, அந்தச் சரிவுலதான் ரீஅப்டேக் வேகம் தெரியும். கோகெய்ன் கொடுத்தா, டோபமைனை உள்ள இழுக்கிற புரதமான டிரான்ஸ்போர்ட்டர் அடைபட்டு சரிவு இழுத்துக்கிட்டே போகும், எனக்கு இதுதான் ரொம்ப நம்பகமான செக்.

பெட் (PET) ஸ்கேன், அதாவது கதிரியக்கப் பொருளை உடம்புல செலுத்தி எடுக்கிற ஸ்கேன், இருக்கேன்னு கேப்பீங்க, அது டிரான்ஸ்போர்ட்டர் எவ்வளவு இருக்குன்னுதான் காட்டும், எவ்வளவு வேகமா வேலை செய்யுதுன்னு காட்டாது, தயவுசெஞ்சு ரெண்டையும் ஒண்ணா நினைக்காதீங்க.