பழைய ஜீப் திருத்துவோருக்கு: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: அப்பப்பாவின் ஜீப் பல வருடமாகக் கொட்டிலில் நிற்கிறது. உலகப்போர்க் கால வில்லிஸ் என்கிறார்கள். எஞ்சின் இறுகிவிட்டது. ட்ரக்ரரில் கட்டி இழுத்தால் இளகுமா?
– கனகராயன்குளம் வாசகர்

பதில்: இழுக்கவே வேண்டாம். துருவில் ஒட்டிய பிஸ்ரனை வலிந்து நகர்த்தினால் றிங் உடையும், சிலிண்டர் கீறுப்படும்.

சாமான் வாங்க முன் அது எந்த ஜீப் என்று பாருங்கள். 1941 முதல் 1945 வரை வந்த போர்க்கால ஜீப்புகளில் பெரும்பாலானவற்றின் முன் கிறில்லில் 9 பிளவுகள். போருக்குப் பிறகு பொதுமக்களுக்கு வந்தவற்றில் 7. கிறில்லை யாரும் மாற்றியிருக்கலாம் என்பதால் சேசியையும் பாருங்கள். றேடியேற்றருக்குக் கீழே உள்ள குறுக்குச் சட்டம் உருண்டைக் குழாய் என்றால் வில்லிஸ், சதுரமாக இருந்தால் ஃபோர்ட் செய்தது. சேசி இலக்கம் வாகனப் புத்தகத்தோடு ஒத்துப்போகிறதா என்பதையும் காசு செலவழிக்க முன்பே பார்த்துவிடுங்கள்.

பிறகு நான்கு பிளக்கையும் கழற்றி, மண்ணெண்ணெயும் பவர் ஸ்ரியரிங் ஒயிலும் சரிபாதி கலந்து சிலிண்டருக்கு 50 மில்லிலீற்றர் வீதம் ஊற்றி ஒரு கிழமை விடுங்கள். அதன்பின் முன்பக்கக் கைபிடியால் முன்னும் பின்னும் மெல்ல அசையுங்கள். இளகாவிட்டால் ஹெட்டைக் கழற்றுங்கள். இந்த எஞ்சினில் வால்வுகள் புளொக்கிலேயே இருப்பதால் அது எளிய வேலை. திறந்து நிற்கும் வால்வும் அப்போதுதான் தெரியும். எஞ்சின் சுற்றத் தொடங்கியதும் பழைய ஒயிலை வடித்துப் புதிது ஊற்றாமல் ஸ்ராற் பண்ண வேண்டாம். வால்வு இடைவெளி குளிர்ந்த நிலையில் 0.014 அங்குலம், டிஸ்ரிபியூற்றர் பொயின்ற் இடைவெளி 0.020, பிளக் இடைவெளி 0.030 அங்குலம். எரியும் வரிசை 1-3-4-2. 92 ஒக்டேன் பெற்றோல் தாராளம்.

றேடியேற்றருக்குக் கிணற்றுத் தண்ணீர் ஊற்றாதீர்கள். கேத்திலில் உப்புப் படிவதைப் பார்க்கிறோமே, அதேதான் புளொக்கின் உள்ளும் நடக்கும். பின் சிலிண்டர்ப் பக்கம் சேறு அடைத்து அந்த இடம் மட்டும் கொதிக்கும். புளொக்கின் வடிகுழாயைக் கழற்றிக் கம்பியால் கிண்டுங்கள். மழைத் தண்ணீரும் கூலன்ற்றும் கலந்து ஊற்றுங்கள்.

பெற்றோல் தாங்கி சாரதி இருக்கைக்குக் கீழே ஒரு குழியில் இருக்கிறது. அந்தக் குழியில் தண்ணீர் தேங்கித் தாங்கியும் குழியும் உக்கும். தாங்கியை வெல்டிங்கில் ஒட்டக் கொடுக்கும்போது மிகக் கவனம்: வருடக்கணக்கில் வெறுமையாகக் கிடந்தாலும் பெற்றோல் ஆவி வெடிக்கும். நன்றாகக் கழுவி, ஒட்டும் இடம் வரை தண்ணீர் நிரப்பியே ஒட்டுவிக்க வேண்டும்.

இடப்பக்கச் சில்லுகளின் நட் இடம்புரி மரை. வழக்கம்போல் திருப்பினால் இன்னும் இறுகி ஸ்ரட் முறியும்.

கேள்வி: காட்டோரம் துருப்பிடித்துக் கிடக்கும் இராணுவ வாகனத்திலிருந்து சில்லும் அச்சும் எடுக்கலாமா?
– ஒட்டுசுட்டான் வாசகர்

பதில்: கூடாது. வெடிக்காத பொருட்கள் உள்ளேயும் சுற்றிவரவும் இருக்கலாம். கிட்டப் போகாமல் பொலிஸுக்கு அறிவியுங்கள்.

கேள்வி: வில்லிஸ் ஸ்ராற்றர் மிக மெதுவாகச் சுற்றுகிறது. 12 வோல்ற்றுக்கு மாற்றவா?
– பூநகரி வாசகர்

பதில்: எங்கள் விருப்பம் 6 வோல்ற்றிலேயே வைத்திருப்பது. அநேகமாகக் குற்றம் கேபிளில்தான். அதே வலுவுக்கு 6 வோல்ற்றில் இரு மடங்கு மின்னோட்டம் வேண்டும். கார்க் கேபிள் போட்டால் வோல்ற் வழியிலேயே விழுந்துவிடும். 70 சதுர மில்லிமீற்றர் செப்புக் கேபிள் போடுங்கள். எஞ்சினுக்கும் சேசிக்கும் இடையிலான ஏர்த் பட்டியைக் கழற்றி, பெயின்ற்றையும் துருவையும் சுரண்டி வெறும் இரும்பில் இறுக்குங்கள். 12 வோல்ற் என்றால் கொயில், ஜெனரேற்றர், றெகுலேற்றர், பல்புகள் எல்லாம் மாற வேண்டும். ஸ்ராற்றர் பல்லும் வேகமாய் மோதி, பிளைவீல் பல்லைத் தின்னும்.