வில்லோடு வெளிமாநில மான் வேட்டை: பணத்தை முதலில் எதில் போடுவது?

கேள்வி: டெக்சாஸ் மாநிலம் பிளேனோவில் வசிக்கிறேன். எச்-1பி விசாவில் இருக்கிறேன். ஓராண்டாகப் பயிற்சி மைதானத்தில் நண்பரின் காம்பவுண்ட் வில்லில் (கப்பிகளும் கேபிள்களும் கொண்ட நவீன வில்) பழகி வருகிறேன். வரும் இலையுதிர் காலத்தில் நாங்கள் இருவரும் வழிகாட்டி யாரையும் அமர்த்தாமல் கேன்சஸுக்குக் காரில் சென்று வெள்ளைவால் மான் வேட்டையாட நினைக்கிறோம். இருவருமே இதுவரை வேட்டைக்குப் போனதில்லை. என் கையில் 2,000 டாலர் இருக்கிறது. இணையக் கடை ஒன்றில் 'வேட்டைக்குத் தயார்' என்று வில், குறிகாட்டி, அம்புக்கூடு எல்லாம் சேர்த்து 600 டாலருக்கு விற்கிறார்கள். வாங்கலாமா?

பதில்: வில்லை வாங்கும் முன் மாநிலத்தை முடிவு செய்யுங்கள். அனுமதிச்சீட்டு கிடைக்கும் விதமும் விலையும் மாநிலத்துக்கு மாநிலம் மாறுவதால், மீதிப் பட்ஜெட் முழுவதும் அதைப் பொறுத்தே அமையும். டெக்சாஸ் நிலத்தில் 95 விழுக்காட்டுக்கு மேல் தனியாருக்குச் சொந்தம் என்பதாலும், அங்கே வேட்டையாட நிலக் குத்தகைக்கே பெருந்தொகை ஆகும் என்பதாலும், வெளியே போக நினைப்பதில் நியாயம் இருக்கிறது. ஆனால் கேன்சஸ் வெளிமாநிலத்தாருக்கு மான் அனுமதியைக் குலுக்கல் முறையில்தான் தருகிறது. விண்ணப்பம் ஏப்ரல் மாதத்தோடு முடிந்துவிடும். பெரிய கொம்புகளுக்குப் பெயர்போன அயோவாவில் ஆண்டுதோறும் பணம் கட்டி முன்னுரிமைப் புள்ளி சேர்த்து, சில ஆண்டுகள் காத்திருந்தால்தான் சீட்டு கைக்கு வரும். முதல் பயணத்துக்கு இவ்விரண்டும் ஏற்றவையல்ல.

உங்களுக்கு நான் சொல்லும் மாநிலம் மிசூரி. அங்கே வெளிமாநில வில் வேட்டைச் சீட்டுக்குக் குலுக்கல் கிடையாது. இணையத்தில் பணம் கட்டினால் உடனே கிடைக்கும். விலை 300 டாலரை ஒட்டி இருக்கும். அந்த ஒரே சீட்டில் இரண்டு மான்கள் வரை எடுக்கலாம், ஆனால் நவம்பர் துப்பாக்கிப் பருவத்துக்கு முன் கொம்புள்ளது ஒன்றுக்கு மேல் கூடாது. வில் பருவம் செப்டம்பர் 15-இல் தொடங்கி ஜனவரி 15 வரை நீள்கிறது. நவம்பர் நடுவில் வரும் துப்பாக்கிப் பருவத்தின்போது மட்டும் நிறுத்தப்படும். தென் மிசூரியில் மார்க் ட்வெய்ன் தேசியக் காடு ஏறக்குறைய 15 இலட்சம் ஏக்கரில் பரந்து கிடக்கிறது. அது இருக்கும் ஓசார்க் மலைக்காட்டில், வடக்கே உள்ள பயிர்நிலப் பகுதிகளைவிட மான்கள் குறைவு. ஆனால் பிளேனோவிலிருந்து ஒரே பகலில் கார் ஓட்டிச் சேர்ந்துவிடலாம், ஆள் நெரிசலும் குறைவு. இதைத் தவிர, மாநில வனப் பாதுகாப்புத் துறையின் பொது நிலங்கள் நூற்றுக்கணக்கில் உண்டு. அவை ஒவ்வொன்றுக்கும் தனி விதிகள் இருப்பதால், போகும் இடத்தின் பெயரைத் தேடி அதன் மான் விதியைப் படித்துவிட்டே சீட்டுக்குப் பணம் கட்டுங்கள்.

வேட்டையர் பாதுகாப்பு வகுப்பின் சான்றிதழை முன்பே வாங்கி வையுங்கள். மிசூரியில் 1967 ஜனவரி 1-ஆம் தேதியிலும் அதற்குப் பின்னும் பிறந்தவர்கள் துப்பாக்கி வேட்டைச் சீட்டு வாங்க இது தேவை; வில் சீட்டுக்குக் கேட்காவிட்டாலும் புதியவருக்கு இது உதவும். டெக்சாஸில் 17 வயதைக் கடந்தவர்கள் இதை முழுவதும் இணையத்திலேயே முடிக்கலாம், அந்தச் சான்றிதழை மிசூரி ஏற்கும். ஓரிரு மாலைப்பொழுதில் முடியும் வேலையைக் கிளம்பும் வாரம் வரை தள்ளிப்போடாதீர்கள்.

விசாவைப் பொறுத்தவரை: தற்காலிக விசாவில் இருப்போர் துப்பாக்கி வைத்திருப்பதைக் கூட்டாட்சிச் சட்டம் பொதுவாகத் தடை செய்கிறது, செல்லுபடியாகும் வேட்டை உரிமம் வைத்திருப்போர் அதற்கு ஒரு விதிவிலக்கு. வில்லும் கிராஸ்போவும் (குறுக்குவில்) அந்தச் சட்டத்தில் துப்பாக்கியாகக் கருதப்படுவதில்லை என்பதால், இந்தச் சிக்கல் உங்களுக்கு எழாது. எனினும் வேட்டைக் குற்றம் ஒன்று பதிவானால் அது குடியேற்றக் கோப்பில் கேள்வியாக வரக்கூடும். கீழே நான் சொல்லும் விதிகளை மற்றவர்களைவிட நீங்கள் கூடுதல் கவனத்தோடு படிக்க வேண்டும்.

கேள்வி: சரி, அந்த 600 டாலர் தொகுப்பு?

பதில்: அந்த விலைக்கு அது மோசமான பொருள் என்று சொல்லமாட்டேன். அதே பொருளை, அல்லது அதற்கு இணையானதை, ஊரிலுள்ள வில் கடையில் நூறு டாலர் கூடக் கொடுத்து வாங்குங்கள் என்றுதான் சொல்வேன். காரணம், காம்பவுண்ட் வில் ஒருவரின் உடலுக்கு அளவெடுத்துப் பொருத்த வேண்டிய கருவி. இரு கைகளையும் பக்கவாட்டில் விரித்து, விரல் நுனியிலிருந்து விரல் நுனி வரை அங்குலத்தில் அளந்து 2.5-ஆல் வகுத்தால் உங்கள் இழுப்பு நீளம் (நாணை முழுவதும் இழுக்கும் தூரம்) ஏறத்தாழக் கிடைக்கும். 68 அங்குலம் விரிப்பவருக்கு 27 அங்குலத்தை ஒட்டி வரும். இது ஓர் அங்குலம் கூடிப்போனால் நாண் முன்கையை உரசும், அம்பு இடம் வலமாக அலையும். கடைக்காரர் உங்களை முழுவதும் இழுக்கச் சொல்லி, நாண் மூக்கு நுனியையும் வாயோரத்தையும் தொடுகிறதா என்று பக்கத்தில் நின்று பார்த்து அளவை மாற்றித் தருவார். அட்டைப்பெட்டியில் வரும் வில்லுக்கு இதைச் செய்ய ஆளில்லை. பிறகு கடைக்குக் கொண்டுபோனால் அதற்குத் தனிக் கூலி.

கடைக்குப் போகும்போது உங்கள் எந்தக் கண் முந்தும் கண் என்பதையும் சோதித்துக்கொள்ளுங்கள். இரு உள்ளங்கைகளையும் நீட்டிச் சேர்த்து நடுவில் சிறு முக்கோணம் விட்டு, அதன் வழியே தூரத்திலுள்ள ஒரு பொருளைப் பார்த்து, ஒவ்வொரு கண்ணாக மூடுங்கள். எந்தக் கண் திறந்திருக்கும்போது பொருள் முக்கோணத்துக்குள்ளேயே நிற்கிறதோ அதுவே முந்தும் கண். வலக்கைக்காரர் சிலருக்கு இடக்கண் முந்தும்; இது தெரியாமல் வலக்கை வில் வாங்கிவிட்டுத் திருப்பித் தர அலைபவர்கள் உண்டு.

இழுவிசையில் வீரம் காட்ட வேண்டாம். வெள்ளைவால் மானுக்குக் கூரான முனையோடு 50 பவுண்டு தாராளமாகப் போதும். நாற்காலியில் உட்கார்ந்து, வில்லை வானத்தை நோக்கித் தூக்காமல் நேராக நீட்டியபடியே உங்களால் இழுக்க முடியவேண்டும். மரத்தில் கட்டிய பரணில் குளிரில் மூன்று மணி நேரம் அசையாமல் இருந்த பிறகு இழுக்கப்போவது அப்படித்தான்.

பழைய வில் வாங்கினால் பாதி விலையில் முடியும். ஆனால் வில்லின் கைகளில் விரிசல் இருக்கிறதா என்று பஞ்சை மெல்லத் தேய்த்துப் பாருங்கள். பஞ்சு இழை சிக்கினால் விட்டுவிடுங்கள். நாணும் கேபிள்களும் இழை பிரிந்து மயிர்த்திருந்தால் அவற்றை மாற்ற 100 டாலருக்கு மேல் ஆகும் என்பதைப் பேரத்தில் கழித்துப் பேசுங்கள். அம்பில்லாமல் நாணை இழுத்து விட்ட வில்லை எந்த விலைக்கும் வாங்காதீர்கள்.

வில்லின் விலைக்குள்ளேயே 11 விழுக்காடு கூட்டாட்சி வரி அடங்கியிருக்கிறது. 1937-ஆம் ஆண்டின் பிட்மன்-ராபர்ட்சன் சட்டத்தின்படி அது மாநிலங்களின் வனவிலங்குப் பணிகளுக்குப் போகிறது. மிசூரியில் இதற்கு மேல், 1976-இல் மக்களே வாக்களித்து ஏற்ற விற்பனை வரியில் ஒரு சிறு பங்கும் வனத்துறைக்குச் செல்கிறது. அங்குள்ள பொது நிலங்கள் பராமரிப்போடு இருப்பதற்கு அந்த வரி ஒரு முக்கியக் காரணம் என்பது என் கருத்து.

அம்பின் வேட்டை முனைகளுக்குக் கஞ்சத்தனம் வேண்டாம். பயிற்சி முனை 100 கிரெயின் என்றால் வேட்டை முனையும் அதே எடையில் இருக்கட்டும். ஆனாலும் இரண்டும் ஒரே இடத்தில் தைக்கும் என்று நம்பிவிடாமல், கிளம்புவதற்குச் சில வாரங்கள் முன்பே வேட்டை முனையை இலக்கில் எய்து பாருங்கள். எய்து மழுங்கிய முனையைக் காட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது. பத்து அம்பில் ஒன்பதை ஒரு சாப்பாட்டுத் தட்டுக்குள் தைக்க முடிகிற தூரமே உங்கள் எல்லை. அது 20 கெஜம் என்றால் 20 கெஜம்தான்.

கேள்வி: மரத்தில் ஏறாமல் தரையிலிருந்தே வேட்டையாடினால் பரண் செலவு மிச்சம்தானே?

பதில்: மிச்சம்தான், முதல் பயணத்துக்கு அது தவறான யோசனையும் அல்ல. காற்றின் போக்கைக் கவனித்து, புதரை முதுகுக்குக் கொடுத்து, மடக்கு முக்காலியில் உட்கார்ந்து மான் எடுத்தவர்கள் ஏராளம். ஆனால் ஏறுவதென்று முடிவு செய்தால், முதலில் வாங்க வேண்டியது உடல் முழுவதையும் தாங்கும் ஹார்னஸ் என்ற பாதுகாப்புப் பட்டை. மான் வேட்டைக் காயங்களில் பரணிலிருந்து விழுவது முதன்மையான காரணங்களில் ஒன்று. அதிலும் ஏறும்போதும் இறங்கும்போதும் விழுபவர்களே அதிகம். ஆகவே தரையை விட்டுக் கால் எடுத்ததிலிருந்து மறுபடி தரையில் வைக்கும்வரை கயிற்றில் பிணைந்தே இருக்க வேண்டும். ஹார்னஸில் தைத்திருக்கும் காலாவதித் தேதியைப் பாருங்கள். பெரும்பாலும் தயாரித்து ஐந்தாண்டு. பழைய பரண் வாங்கலாம், பழைய ஹார்னஸ் வேண்டாம். வில்லைக் கையில் பிடித்துக்கொண்டு ஏறாமல், மேலே போய்க் கயிற்றில் கட்டி இழுத்துக்கொள்ளுங்கள்.

மிசூரி வனத்துறை நிலங்களில் எடுத்துச் செல்லும் வகைப் பரணுக்கு மட்டுமே அனுமதி. செப்டம்பர் 1 முதல் ஜனவரி 31 வரைதான் வைக்கலாம். அதில் பெயரும் முகவரியும், அல்லது வனத்துறை தந்த எண்ணும் எழுதியிருக்க வேண்டும். மரத்தில் ஆணியோ திருகுப் படியோ ஏற்றக் கூடாது.

டெக்சாஸில் பழகியவர்கள் மிசூரியில் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. டெக்சாஸின் தனியார் நிலங்களில் சோளம் தூவிய இடத்தில் மான் எடுப்பது அன்றாட நடைமுறை. மிசூரியில் தீனி வைத்து மான் வேட்டையாடுவது குற்றம். தீனி முழுவதும் அகற்றப்பட்டு பத்து நாள் வரை அந்த இடம் தீனி வைத்த இடமாகவே கருதப்படும். கடையில் கவர்ச்சியான பொட்டலங்களில் விற்கும் தீவனக் கலவைகளை அந்த மாநிலத்துக்கென்று வாங்காதீர்கள்.

அதேபோல, மரத்திலோ வேலிக்கம்பத்திலோ ஊதா வண்ணக் கோடு இருந்தால் அது 'அத்துமீறி நுழையாதே' என்ற பலகைக்குச் சமம். உங்கள் டெக்சாஸிலும் அதே சட்டம்தான். நில உரிமை எல்லைகளைக் காட்டும் கைபேசி வரைபடச் செயலிக்கு ஒரு மாநிலத்துக்கு ஆண்டுச் சந்தா கட்டுவது ஓரிரவு விடுதி வாடகையைவிடக் குறைவு. சிக்னல் இல்லாத காட்டுக்கு, வீட்டிலிருந்தே வரைபடத்தை இறக்கிக்கொண்டு போங்கள்.

கேள்வி: எப்போது போகலாம்? மான் கிடைத்தால் இறைச்சியை வீடு வரை கெடாமல் கொண்டுவர முடியுமா?

பதில்: அக்டோபர் கடைசியும் நவம்பர் முதல் வாரமும். இணைசேரும் பருவம் நெருங்குவதால் கலைமான்கள் (ஆண் மான்கள்) பகலிலும் நடமாடும், குளிரும் இறைச்சிக்குத் துணை நிற்கும். செப்டம்பர் வெயிலில் எடுத்த மானை ஓரிரு மணி நேரத்தில் குளிர்விக்க முடியாவிட்டால் கெட்டுப்போகும். அந்த வாரங்களில் சிறுவர்களுக்கான துப்பாக்கி நாட்கள் வரக்கூடும்; அன்று வில்லோடு போவோரும் ஆரஞ்சு மேலுடுப்பும் தொப்பியும் அணிந்தாக வேண்டும்.

கொம்பைத் தேடி நாட்களைக் கழிக்காமல், சட்டப்படி எடுக்கத்தக்க பிணைமான் (பெண் மான்) முதலில் வந்தால் அதையே எடுங்கள். சில மாவட்டங்களில் ஒரு பக்கக் கொம்பில் நான்கு கிளையாவது இருந்தாலொழியக் கலைமானை எடுக்கக் கூடாது என்ற விதியும் இருப்பதால், புதியவருக்குப் பிணையே குழப்பமில்லாத தேர்வு.

எய்தபின் உடனே இறங்கி ஓடாதீர்கள். நெஞ்சில் தைத்தது உறுதி என்றாலும் அரை மணி நேரம் இருங்கள். அம்பைக் கண்டெடுத்துப் பாருங்கள்: நுரை கலந்த இளஞ்சிவப்பு இரத்தம் நுரையீரலைக் காட்டும், பச்சையும் நாற்றமும் இருந்தால் குடலில் தைத்திருக்கிறது, ஆறு மணி நேரத்துக்கு மேல் பொறுத்துத்தான் பின்தொடர வேண்டும். மான் கிடைத்த உடனே சீட்டில் குறித்து, அன்றிரவு 10 மணிக்குள் வனத்துறையின் டெலிசெக் என்ற பதிவு முறையில் பதிவு செய்யுங்கள். அதற்கு முன்பே இறைச்சியை வெட்டத் தொடங்குவதாயிருந்தாலும், மாநிலத்தை விட்டுக் கிளம்புவதாயிருந்தாலும், பதிவு அதற்கும் முந்த வேண்டும்.

ஒரு நடுத்தரப் பிணையில் எலும்பு நீக்கிய இறைச்சி 15 முதல் 20 கிலோ தேறும். இறைச்சியை வெட்டிப் பொதிந்து தரும் கடைகள் பருவத்தில் நிரம்பி வழியும். எனவே போகும் ஊரில் இரண்டு கடைகளை முன்பே தொலைபேசியில் விசாரித்து, கட்டணத்தையும் எத்தனை நாளில் தருவார்கள் என்பதையும் கேட்டு வையுங்கள். நீங்களே வெட்டினால் இரண்டு பெரிய ஐஸ் பெட்டிகளும், உறைய வைத்த தண்ணீர் பாட்டில்களும் போதும். பாட்டிலில் உறைந்த ஐஸ் உருகினாலும் இறைச்சி தண்ணீரில் ஊறாது.

முழு உடலைக் காரில் போட்டுக்கொண்டு டெக்சாஸுக்கு வர முடியாது. மானின் மூளையைத் தாக்கிக் கொல்லும் சி.டபிள்யூ.டி. என்ற நாள்பட்ட நோய், 1967-இல் கொலராடோவில் அடைப்பில் வளர்த்த மான்களிடம் முதலில் தெரியவந்து, இன்று முப்பதுக்கும் மேற்பட்ட மாநிலங்களில் பரவியிருக்கிறது. மிசூரியும் டெக்சாஸும் அதில் அடக்கம். மூளையும் தண்டுவடமும் எல்லை தாண்டக் கூடாது என்பதால், எலும்பு நீக்கிய இறைச்சியும் கொம்பு ஒட்டிய, சுத்தம் செய்த மண்டையோட்டுத் தகடுமாகக் கொண்டுவாருங்கள். மனிதருக்கு இந்நோய் தொற்றியதாக இதுவரை உறுதியான பதிவு இல்லை. ஆயினும் நோய் உறுதியான மானை உண்ண வேண்டாம் என்று அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையம் அறிவுறுத்துகிறது. மிசூரியில் பரிசோதனை இலவசம். முடிவு வரும்வரை அந்த இறைச்சியைத் தனியாகப் பெயரெழுதி உறைபெட்டியில் வையுங்கள்.

கேள்வி: வாசனைத் தெளிப்பான், கேமரா, மறைவு நிற உடை?

பதில்: இருக்கும் சாம்பல், பழுப்பு உடைகள் போதும், குளிருக்கான உள்ளாடைக்கும் காலணிக்கும் செலவழியுங்கள். மான் நடமாட்டத்தைப் படமெடுக்கக் காட்டில் கட்டி வைக்கும் கேமராவைப் பார்த்து வர ஆறேழு மணி நேரம் கார் ஓட்டப் போவதில்லை என்பதால் அதுவும் வேண்டாம். தெளிப்பான் எதுவும் தப்பான திசைக் காற்றை மறைத்ததாக நான் கண்டதில்லை.

கேள்வி: செலவைக் குறைக்க நான் மட்டும் சீட்டு வாங்கி, வாய்ப்பு வரும்போது நண்பர் எய்யலாமா?

பதில்: கூடாது. சீட்டு யார் பெயரில் இருக்கிறதோ அவர்தான் எய்ய வேண்டும்; நண்பர் உடன் வரலாம், மானை இழுக்கக் கைகொடுக்கலாம். விதி மீறி எடுத்த மானை மாநில எல்லை தாண்டிக் கொண்டுபோனால், 1900-ஆம் ஆண்டின் லேசி சட்டப்படி அது கூட்டாட்சிக் குற்றமாகிவிடும். ஒரு மாநிலத்தில் உரிமம் பறிபோனால், பெரும்பாலான மாநிலங்கள் செய்துகொண்டுள்ள ஒப்பந்தத்தின்படி டெக்சாஸிலும் அது செல்லாமல் போகலாம். இரண்டு சீட்டு வாங்குங்கள். பரணையும் ஐஸ் பெட்டியையும் வேண்டுமானால் பகிர்ந்துகொள்ளுங்கள்.