வெளிநாட்டில் இருக்கும் முன்னாள் மாணவர்களைப் பல்கலைக்கழகங்கள் எப்படித் திரட்டுகின்றன? அதனால் அவற்றுக்கு என்ன பயன்?

முன்னாள் மாணவர் வலையமைப்பு என்றதும் பலரும் சங்கம், விழா என்றுதான் நினைக்கிறார்கள். வேலை அதற்கு வெகுமுன்பே, மாணவர் வளாகத்தில் இருக்கும்போதே தொடங்கிவிட வேண்டும்.

படிப்பு முடிந்து கொஞ்ச காலத்தில் பல இடங்களில் பல்கலைக்கழக மின்னஞ்சலை முடக்கிவிடுவார்கள். நாடு திரும்பியதும் சிம் மாறிவிடும். விடுதி முகவரி எதற்கும் உதவாது. ஆக, கையில் இருந்த மூன்று வழியும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் அடைபட்டுவிடும். அதனால் பட்டச் சான்றிதழ் விண்ணப்பத்திலேயே சொந்த மின்னஞ்சல், சொந்த நாட்டுக் கைபேசி எண், அடுத்து எந்த நகரத்துக்குப் போகிறார் என்ற விவரம் மூன்றையும் வாங்கிவிடுவது நல்லது. பெயருக்கு இரண்டு கட்டம் வேண்டும்: சான்றிதழில் உள்ள பெயர் ஒன்று, புழங்கும் பெயர் ஒன்று. இனிஷியல் முன்னே வந்தும் பின்னே வந்தும், திருமணத்துக்குப் பின் மாறியும், ஒரே ஆள் மூன்று பதிவாக உட்கார்ந்திருப்பது சகஜம். மாணவர் பதிவு எண்ணை வைத்துத்தான் அவற்றை ஒன்றுசேர்க்க முடியும்.

ஐரோப்பிய ஒன்றியத்தில் இருப்பவர்களுக்கு 2018 மே மாதம் முதல் ஜிடிபிஆர் என்ற தனிநபர் தரவுப் பாதுகாப்பு விதிகள் பொருந்தும். செய்திமடலுக்கும் நன்கொடைக் கோரிக்கைக்கும் தனித்தனியாக ஒப்புதல் கேளுங்கள். முன்கூட்டியே டிக் போட்டு வைத்த கட்டம் ஒப்புதல் ஆகாது.

கிளை தொடங்கும்போது நாட்டை விட்டுவிட்டு நகரத்தைப் பாருங்கள். ஐம்பது அறுபது உயிருள்ள தொடர்புகள் உள்ள நகரம் போதும்; முதல் சந்திப்புக்குப் பதினைந்து பேர் வந்தால் நல்ல தொடக்கம். வெவ்வேறு ஆண்டுகளில் படித்த இரண்டு பேர் ஒருங்கிணைப்பாளர்களாக இருக்கட்டும். பதவிக்காலம் இரண்டு ஆண்டு. அடுத்தவரை ஆறு மாதம் முன்பே கூட வைத்துக்கொள்ள வேண்டும். பெரும்பாலான கிளைகள் படுத்துவிடும் விதம் ஒன்றுதான்: ஆர்வமான ஒருவர் எல்லாவற்றையும் இழுத்துப் போட்டுச் செய்வார், வேலை மாற்றலாகிப் போவார், வாட்ஸ்அப் குழுவின் அட்மின் உரிமையும் தொடர்புப் பட்டியலும் அவர் போனோடு போய்விடும். மூலப்பட்டியல் எப்போதும் பல்கலைக்கழகத்திடம் இருக்க வேண்டும்.

இணையக் கூட்டத்துக்கு நேரம் குறிப்பதிலும் கோட்டை விடுகிறார்கள். கோடையில் லண்டனில் பிற்பகல் 2.30 என்றால் சான்பிரான்சிஸ்கோவில் காலை 6.30, சிங்கப்பூரில் இரவு 9.30, சிட்னியில் இரவு 11.30. எப்போதும் ஒரே நேரத்தில் வைத்தால் ஒரு பக்கத்து ஆட்கள் மெல்ல மெல்ல வராமலே போவார்கள். மாற்றி மாற்றி வையுங்கள்.

எதை முதலில் கேட்கிறோம் என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. ஐந்து வருடம் எட்டிப் பார்க்காமல் இருந்துவிட்டு, முதல் கடிதத்திலேயே நன்கொடை கேட்டால் உறவு அங்கேயே முறிந்துவிடும். முதலில் முன்னாள் மாணவரிடம் அரை மணி நேரத்தைக் கேளுங்கள்: அவர் நகரத்திலிருந்து இந்த ஆண்டு சேரப்போகும் மாணவரோடும் பெற்றோரோடும் ஒரு போன் உரையாடல். எந்த விளம்பரமும் தராத நம்பிக்கையை அது தரும். பல்கலைக்கழகத்துக்குக் கிடைக்கும் பெரிய லாபமும் இதுதான். அடுத்து வழிகாட்டுதல், பயிற்சிப் பணி, வேலைவாய்ப்பு. பணம் கடைசியில்.

பணம் அனுப்ப வரிச்சலுகை உள்ள வழியும் வேண்டும். அமெரிக்காவில் இருப்பவர் வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்துக்கு நேரடியாகக் கொடுத்தால் பொதுவாக வரிக்கழிவு கிடைக்காது. அதற்காகத்தான் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்துக்கு 'கேம்பிரிட்ஜ் இன் அமெரிக்கா' என்று அங்கேயே பதிவான தொண்டு அமைப்பு இருக்கிறது. அப்படிப்பட்ட அமைப்பு வெறும் தபால்பெட்டியாக இருக்கக் கூடாது. பணத்தை எங்கே கொடுப்பது என்று முடிவெடுக்கும் அதிகாரம் அதன் குழுவிடம் இருக்க வேண்டும். பிரிட்டனில் வரி செலுத்துபவர் அங்கே பதிவான தொண்டு நிறுவனத்துக்கு 'கிஃப்ட் எய்ட்' படிவத்தோடு 100 பவுண்டு கொடுத்தால், அரசிடமிருந்து இன்னொரு 25 பவுண்டு சேரும்.

தரவரிசையும் ஒரு காரணம். 2024 பதிப்பு முதல் கியூஎஸ் என்ற உலகப் பல்கலைக்கழகத் தரவரிசைப் பட்டியலில் வேலை தருவோரின் மதிப்பீட்டுக்கு 15 சதவீத எடை. ஆள் எடுக்கும் பொறுப்பில் முன்னாள் மாணவர்கள் இருந்தால் பெயர் தானாகப் பரவும். ஆனால் அந்த மதிப்பீட்டில் எங்களைக் குறிப்பிடுங்கள் என்று அவர்களிடம் கேட்பது விதிமீறல்.

இன்னொன்று, ஒரு பருவம் மட்டும் பரிமாற்ற மாணவராக வந்து போனவர்களைப் பல பட்டியல்கள் விட்டுவிடுகின்றன. பட்டம் வாங்கவில்லை என்பதால் பதிவேட்டில் அவர்கள் பெயரே ஏறுவதில்லை. அவர்களையும் சேருங்கள், தங்கள் நாட்டுப் பல்கலைக்கழகத்தோடும் தொடர்பு உள்ளவர்கள் அவர்கள்தான்.