ஸ்டென்ட் வைத்த பில்லோடு கணக்கை மூடாதீர்கள்

கேள்வி: அம்மாவுக்கு 64 வயது. பித்தநாளத்தில் கல் அடைத்து மஞ்சள் காமாலை. இஆர்சிபி என்ற எண்டோஸ்கோப்பி சிகிச்சை செய்து கல்லை எடுத்து, பித்தம் வழிந்தோட பிளாஸ்டிக் ஸ்டென்ட் (சிறு குழாய்) வைக்கப் போகிறார்கள். வயிற்றைக் கிழிக்காத சிகிச்சைதானே? அதற்கு மட்டும் ஒதுக்கிவிட்டு, அவசரத்துக்கு வைத்திருக்கும் மீதிப் பணத்தை 5 ஆண்டு டெபாசிட்டில் போடலாமா? மருத்துவக் காப்பீடும் இருக்கிறது.

பதில்: இப்போதைக்கு வேண்டாம்.

கத்தி இல்லை என்றதும் செலவும் ஒரு நாள் கூத்து என்று நினைத்துவிடுகிறோம். இஆர்சிபியில் வாய் வழியே எண்டோஸ்கோப் என்ற கேமராக் குழாயை முன்சிறுகுடல் வரை செலுத்தி, பித்தநாளத்தின் வாயைச் சற்றே வெட்டிக் கல்லை எடுக்கிறார்கள். 1974 முதல் செய்யப்படும் முறை. பெரும்பாலோர் ஓரிரு நாளில் வீடு திரும்பிவிடுகிறார்கள். அது முதல் பில்.

பிளாஸ்டிக் ஸ்டென்ட் நிரந்தரமானதல்ல. ஏறக்குறைய 3 மாதத்தில் அதை எடுக்க வேண்டும் அல்லது மாற்ற வேண்டும். மறந்துவிட்டால் அதுவே அடைத்து, பித்தநாளத்தில் தொற்று வரும். ஆக, இரண்டாவது பில் இப்போதே தேதி குறித்துக் காத்திருக்கிறது. பித்தப்பையிலும் கல் இருந்தால் லேப்ராஸ்கோப்பி மூலம் பையையே எடுத்துவிடச் சொல்வார்கள், அது மூன்றாவது. கல் பெரிதென்றால் ஒரே அமர்வில் வராமலும் போகலாம். இஆர்சிபிக்குப் பிறகு நூற்றில் 3 முதல் 10 பேருக்குக் கணைய அழற்சி வருவதுண்டு. வந்தால் மருத்துவமனை நாட்கள் நீளும். இத்தனைக்கும் பணம் கையில் இருக்க வேண்டும். டெபாசிட்டை இடையில் உடைத்தால் வட்டியில் பிடித்துக்கொள்வார்கள்.

காப்பீட்டை நம்புவதற்கு முன் பாலிசியைப் பிரித்துப் படியுங்கள். பித்தக் கல்லுக்குக் காத்திருப்புக் காலம் உண்டா? 24 மணி நேரம் படுக்காமல் செய்த இஆர்சிபியை டே கேர் என்று ஏற்பார்களா? ஸ்டென்டுக்குத் தனி உச்சவரம்பு இருக்கிறதா? முக்கியமாக, ஸ்டென்டை எடுக்கும்போது அது புதிய க்ளெய்மா, பழையதன் தொடர்ச்சியா? இந்தக் கடைசிக் கேள்வியை யாரும் கேட்பதில்லை; தகராறு பெரும்பாலும் அங்கேதான். பதிலை மின்னஞ்சலில் வாங்கிக்கொள்ளுங்கள்.

இந்தக் கடிதப் போக்குவரத்துக்காகச் சிகிச்சையைத் தள்ளாதீர்கள். காமாலையோடு குளிர்காய்ச்சல் வந்தால் அன்றைக்கே சேர்க்க வேண்டும். க்ளெய்மைப் பிறகு பார்க்கலாம்.

மீதிப் பணம் அதுவரை சேமிப்புக் கணக்கிலோ குறுகிய கால டெபாசிட்டிலோ இருக்கட்டும். ஸ்டென்டை எடுத்து, பித்தப்பை பற்றியும் மருத்துவர் முடிவு சொன்ன பிறகு எழுதுங்கள், 5 ஆண்டு டெபாசிட்டைப் பற்றிப் பேசுவோம்.