இலங்கையில் குடியிருக்கும் வெளிநாட்டவர்கள் நம் வீதிகளையும் அரசியலையும் பற்றி என்ன சொல்கிறார்கள்?

கேள்வி கேட்டவர், "அவர்கள் சொல்வதை நாம் காதில் வாங்கத்தான் வேண்டுமா?" என்றும் சேர்த்துக் கேட்டிருக்கிறார். வாங்க வேண்டும் என்பதுதான் என் பதில். ஆனால் சொல்வது எல்லாவற்றையும் அப்படியே அல்ல.

திருகோணமலையில் உப்புவெளிப் பக்கம் எங்கள் வீடு. மேல் மாடியில் இரண்டு அறைகளை 2011இல் இருந்து வாடகைக்குக் கொடுக்கிறோம். ஒரு வாரம் கடல் குளித்துவிட்டுப் போகிறவர்களுக்கு அல்ல, வருடக்கணக்கில் இருப்பவர்களுக்கு. இப்போது ஓர் அறையில் 55 வயது தாண்டியவர்களுக்கான விசாவில் வந்த ஜெர்மன் அன்ரி இருக்கிறார். மற்றதில் நிலாவெளிக்கும் புறாத்தீவுக்கும் ஆட்களைக் கூட்டிப் போய் டைவிங் பழக்கும் பிரெஞ்சுக்காரர். சுனாமிக்குப் பிறகு உதவி வேலையாக வந்து, இங்கேயே கல்யாணம் முடித்துத் தங்கிவிட்ட ஆங்கிலேயர் ஒருவர் பின்னேரங்களில் தேநீர் குடிக்க வருவார். அப்புறம் சாம்பல்தீவில் பிறந்து, 25 வருடம் சுவிஸில் இருந்துவிட்டுத் திரும்பி வந்த அண்ணை ஒருவர். அவர் பேசுவது நம் தமிழ், ஆனால் கையில் இருப்பது சுவிஸ் கடவுச்சீட்டு. குடிவரவுத் திணைக்களத்துக்கு அவரும் வெளிநாட்டவர்தான். எங்கள் முற்றத்தில் இந்த நாலு பேரும் பேசியதைத்தான் இங்கே எழுதுகிறேன். இதை வைத்து எல்லா வெளிநாட்டவரையும் எடைபோட வேண்டாம்.

வந்த புதிதில் எல்லோரும் பேசுவது ஹோர்னைப் பற்றித்தான். ஜெர்மனியில் ஹோர்ன் அடித்தால் ஒன்றில் ஆபத்து, இல்லாவிட்டால் ஏச்சு. இங்கே அது "பின்னால் வருகிறேன், விலத்தி முந்தப் போகிறேன்" என்ற அறிவிப்பு. அன்ரி முதல் மாதம் முழுக்க ஊரே தன்னை ஏசுகிறது என்று நினைத்துக்கொண்டிருந்தார். அடுத்தது வீதியைக் கடப்பது. அவர் நாட்டில் வாகனங்கள் வலப்பக்கம் ஓடும், அதனால் காலை வைக்குமுன் கண் இடப்பக்கம் போய்விடும். இங்கே முதல் வாகனம் வருவது வலப்பக்கமிருந்து. கிட்டத்தட்ட 60 வருடப் பழக்கம் ஒரு நாளில் மாறுமா? என் மகள்தான் மூன்று வாரம் அவர் கையைப் பிடித்துக் கடக்க வைத்தாள். ஐரோப்பாவிலிருந்து யாராவது உங்கள் வீட்டுக்கு வருவதாக இருந்தால் இதை முதல் நாளே சொல்லிவிடுங்கள். நம்மூர் வாகனம் வேகமாக வருவதால் மட்டும் அவர்கள் அடிபடுவதில்லை, தவறான பக்கம் பார்த்துக்கொண்டு இறங்குவதாலும்தான்.

கட்டாக்காலி மாடுகள், பிரட்ரிக் கோட்டைப் பக்கத்து மான்கள், ஹபரணைக் காட்டில் இரவு பஸ்ஸுக்குக் குறுக்கே வரும் யானை, இதெல்லாம் அவர்களுக்குப் பழகிவிடும். பஸ்ஸை பஸ் விலத்துவது மட்டும் எத்தனை வருடம் இருந்தாலும் பழகுவதில்லை. இதில் அவர்கள் பக்கம்தான் நியாயம் என்று எனக்குப் படுகிறது. நமக்கு எப்படிப் பழகிப்போனது என்பதைத்தான் நாம் யோசிக்க வேண்டும்.

சுவிஸ் அண்ணை ஒருநாள் சொன்னது என் மனதில் நிற்கிறது. "அங்கை பஸ் ஓட்டுறவனுக்கு மாதச் சம்பளம். ஒரு ஆள் ஏறினாலும் அம்பது பேர் ஏறினாலும் அவனுக்கு ஒண்டுதான். அவன் ஏன் தங்கச்சி ஓட வேணும்?" இங்கே தனியார் பஸ்ஸில் அன்றைய கலெக்ஷனைப் பொறுத்துத்தான் சாரதியும் நடத்துனரும் வீட்டுக்குக் காசு கொண்டுபோவார்கள். முன்னால் போகிற பஸ் அடுத்த தரிப்பில் நிற்கும் ஆட்களை அள்ளிவிட்டால் பின்னால் வருகிறவனுக்கு நட்டம். ஆகவே ஓடுகிறான். சாரதியின் குணம் கெட்டது என்று நாம் பேசுகிறோம், சம்பள முறையைப் பற்றிப் பேசுவதில்லை. இரண்டு இடத்திலும் இருந்து பார்த்தவருக்குத்தான் அது முதலில் தெரிந்தது.

2025 மே 11ஆம் திகதி கதிர்காமத்திலிருந்து குருநாகல் போன பஸ் கொத்மலையில் பள்ளத்தில் விழுந்து இருபதுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். செப்டெம்பர் 4ஆம் திகதி எல்லவில் இன்னொரு பஸ், 15 பேர். இரண்டு தடவையும் பிரெஞ்சுக்காரர் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்: "அடுத்த கிழமை என்ன மாறும்?"

இனி அவர்கள் எங்கே பிழை விடுகிறார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். அன்ரியின் தீர்வு எப்போதும் பொலிஸ்தான். 500 மீற்றருக்கு ஒரு பொலிஸ்காரர் நிற்க வேண்டும், எல்லா வாகனத்தையும் மறிக்க வேண்டும், தண்டம் எழுத வேண்டும். இதை அவர் ஒருநாள் சாப்பாட்டு மேசையில் சொன்னபோது, 84 வயதான என் அம்மா சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார்: "போதும் பிள்ளை. முப்பது வருஷம் அதைத்தானே பார்த்தனாங்கள்."

அன்ரிக்கு விளங்கவில்லை. நான் விளங்கப்படுத்தினேன். போர் நடந்த வருடங்களில், இந்த வீதியில் சோதனைச் சாவடிகள் இருந்த காலத்தில், பஸ்ஸிலிருந்து எல்லோரும் இறங்கி, பையைத் திறந்து காட்டி, அடையாள அட்டையை நீட்டி, வரிசையாக நடந்து போய் மறுபக்கம் ஏறுவோம். சீருடை போட்டவர் கையை நீட்டி வாகனத்தை மறித்தால் உங்களுக்கு "வேகமாக வந்துவிட்டேனோ" என்று தோன்றும். எங்கள் வயதுத் தமிழருக்கு முதலில் வயிறு கலங்கும், பிறகுதான் வேகம் ஞாபகத்துக்கு வரும். அப்படிப்பட்ட ஊரில் வீதிப் பாதுகாப்பைச் சீருடைக்காரரை வைத்து மட்டும் கட்ட முடியாது. அன்ரி அன்று நெடுநேரம் பேசவில்லை. பொலிஸ் வேண்டாம் என்று நான் சொல்லவரவில்லை, எங்கள் மொழியில் பேசி, எங்கள் மொழியில் எழுதும் பொலிஸ் வேண்டும்.

ஏன் அப்படிச் சொல்கிறேன் என்றால், 2017இல் என் தம்பி சைக்கிளில் வரும்போது, ஒரு பஸ்ஸை விலத்திய இன்னொரு பஸ் அவனுடைய ஹாண்டிலில் தட்டியது. பின்னேரம் ஆறரை மணி, மழை இருட்டு. தொடை எலும்பு உடைந்து கம்பி வைத்தார்கள். பொலிஸ் நிலையத்தில் வாக்குமூலத்தைச் சிங்களத்தில் எழுதி அவனிடம் கையெழுத்து வாங்கினார்கள். அவன் சைகை காட்டாமல் வலப்பக்கம் திரும்பியதாக அதில் இருந்தது என்பது மாதங்கள் கழித்துத்தான் எங்களுக்குத் தெரியவந்தது. நட்டஈடு என்று வந்தது மருந்துச் செலவுக்கும் காணாது.

இதைக் கேட்டபோது அன்ரி கேட்ட கேள்வி ஒன்றே ஒன்று. "வாசிக்க முடியாத தாளில் அவன் ஏன் கையெழுத்து வைத்தான்?"

அண்ணன் தம்பி, சித்தப்பா, பக்கத்து வீட்டுக்காரர் என்று ஒரு வீடு நிறைய ஆட்கள் இந்தக் கதையைக் கேட்டிருக்கிறார்கள். யாரும் அதைக் கேட்டதில்லை. 1987இல் வந்த 13ஆவது திருத்தத்தின்படி தமிழும் ஆட்சிமொழி. "எனக்குத் தமிழில் எழுதித் தாருங்கள்" என்று சொல்ல அவனுக்கு உரிமை இருந்தது. அவனுக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். கேட்கலாம் என்று மட்டும் தோன்றவில்லை. அந்த ஒரு கேள்விக்காகவே இவர்கள் பேசுவதைக் கேட்க வேண்டும் என்று நான் நினைக்கிறேன்.

அரசியல் என்று வந்தால் இவர்கள் குரல் தாழ்ந்துவிடும். அதைக் கோழைத்தனம் என்று எடுக்கக் கூடாது. விசாவைப் புதுப்பிக்க பத்தரமுல்லையில் உள்ள குடிவரவுத் திணைக்களத்துக்குப் போய் நிற்பவர்கள் இவர்கள். 2022இல் அரசுக்கு எதிராக நடந்த போராட்டத்தைப் பற்றிச் சமூக ஊடகத்தில் பதிவிட்ட ஒரு பிரித்தானியப் பெண்ணின் விசாவை ரத்துச் செய்தது எல்லோருக்கும் ஞாபகம் இருக்கிறது. அந்த வருடம் மே மாதம் மகிந்த ராஜபக்ச பிரதமர் பதவியிலிருந்து விலகி, எங்கள் ஊர்க் கடற்படைத் தளத்துக்குள் வந்து தங்கியபோது சனம் வாசலில் கூடியது. பிரெஞ்சுக்காரர் போய்ப் பார்க்க வேண்டும் என்று செருப்பையும் போட்டுவிட்டார். நான்தான் கதவைப் பூட்டித் திறப்பை இடுப்பில் செருகிக்கொண்டேன். வாடகைக்கு இருப்பவர் என்றாலும் எங்கள் வீட்டுப் பொறுப்பு அல்லவா.

சுவிஸ் அண்ணையின் நிலைமை இன்னும் வேறு. இரட்டைக் குடியுரிமை எடுத்தால் வாக்குப் போடலாம். ஆனால் 2022இல் வந்த 21ஆவது திருத்தத்துக்குப் பிறகு பாராளுமன்றத் தேர்தலில் நிற்க முடியாது. அவருக்கு நிற்கும் எண்ணம் இல்லை. வாக்குப் போட வேண்டும் என்ற ஆசை மட்டும் இருக்கிறது, பத்திரங்களைத் தேடிக்கொண்டிருக்கிறார்.

ஆங்கிலேயருக்கு 2024இல் பெரிய நம்பிக்கை. செப்டெம்பரில் ஜனாதிபதித் தேர்தல், நவம்பரில் பாராளுமன்றம், இரண்டிலும் தேசிய மக்கள் சக்திதான் வென்றது, எங்கள் மாவட்டத்தின் நாலு ஆசனங்களிலும் இரண்டு அவர்களுக்குப் போனது. அடுத்த ஜனவரியில் புது அரசின் கிளீன் ஸ்ரீலங்கா திட்டம் என்று பொலிஸார் பஸ்களிலும் ஓட்டோக்களிலும் கூடுதலாகப் பூட்டிய சாமான்களைக் கழற்றச் சொன்னபோது அவர் மெச்சினார். எங்கள் ஒழுங்கையின் ஓட்டோக்காரத் தம்பிமார் கொதித்தார்கள். பிரெஞ்சுக்காரர், "டயரையும் பிரேக்கையும் யார் பார்க்கிறார்கள்?" என்றார். நான் பிரெஞ்சுக்காரர் பக்கம்.

உண்மையில் இவர்கள் வீதியைப் பற்றிப் பேசும்போதெல்லாம் அரசியலைத்தான் பேசுகிறார்கள். "இந்தக் குழிக்கு யாரைக் கேட்பது?" என்று அன்ரி கேட்டால் பதில் சொல்ல எனக்கு அரை மணி நேரம் வேண்டும். ஏ, பி வகுப்பு வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கு. சி, டி வகுப்பு மாகாணத்துக்கு. ஒழுங்கைகள் உள்ளூராட்சி சபைக்கு. சரி, மாகாண வீதிக்கு மாகாண சபை உறுப்பினரைக் கேட்கலாம் என்றால், கிழக்கு மாகாண சபை 2017 செப்டெம்பரில் கலைந்தது. அதன் பிறகு தேர்தலே வைக்கவில்லை. கேட்பதற்கு, நாம் தெரிந்தெடுத்த ஆளே இல்லை.

எங்கள் மாவட்டத்தில் கிண்ணியாப் பக்கம் இருக்கும் குறிஞ்சாக்கேணியை நினைத்தால் இன்னும் நெஞ்சு அடைக்கிறது. பாலம் கட்டுகிறோம் என்று வேலை தொடங்கியதால் கிண்ணியாச் சனம் மிதவையில் போய்வந்தது. 2021 நவம்பர் 23ஆம் திகதி காலை அந்த மிதவை கவிழ்ந்தது. பள்ளிக்கூடத்துக்குப் புறப்பட்ட பிள்ளைகளும் செத்துப்போனார்கள். அதற்குப் பிறகும் அந்தப் பாலம் வருடக்கணக்கில் முடியாமல் நின்றது. இதை அன்ரியிடம் சொன்னபோது அவர் எங்கள் நாட்டைக் குறை சொல்லவில்லை. பிள்ளைகளின் வயதைத்தான் கேட்டார்.

இப்போது எங்கள் ஒழுங்கை பிரதான வீதியில் ஏறும் இடத்தில், பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் வேகத்தடை வேண்டும் என்று மனுக் கொடுத்திருக்கிறோம். அன்ரி அதைத் தன் கையால் தமிழில் எழுதினார். எழுத்து சரிந்துதான் இருக்கும், ஆனால் பிழை இரண்டுதான். கையெழுத்து வைத்தது நாங்கள் 41 பேர். வாக்கில்லாத ஆள் வைத்தால் அதையே சாட்டாகச் சொல்லிவிடுவார்கள் என்று அவர் வைக்கவில்லை. முதல் அலுவலகம் இரண்டாவதுக்கு அனுப்பியது, இரண்டாவது மூன்றாவதுக்கு. ஒவ்வொரு புதன்கிழமையும் அன்ரி தொப்பியைப் போட்டுக்கொண்டு போய், "மனு என்ன மாதிரி தம்பி?" என்று கேட்டுவிட்டு வருகிறார். போன புதன், அளவெடுக்க ஆள் வருவார் என்று ஒரு திகதி சொன்னார்களாம். அதைக் கலண்டரில் சிவப்பு மையால் வட்டம் போட்டு வைத்திருக்கிறார்.